டி.எம்.வி. என்றால் திண்டிவனம்
மல்லாட்டை எண்ணெய், துணி சோப்பு, சொட்டு நீலம், டால்டா டப்பா: நம் வீட்டுச் சாமான்கள் வந்த வழி

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ காலை நேரத்தில் எந்தக் கடையில் இட்லி கேட்டாலும் கூடவே மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் சட்னி வரும். வறுத்த மல்லாட்டை, காய்ந்த மிளகாய், பூண்டு, துளி புளி, உப்பு. பாட்டி காலத்திலிருந்து இப்படித்தான் அரைக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டியின் பாட்டிக்கும் பாட்டி இந்தச் சட்னியைக் கண்டிருக்க மாட்டார். மல்லாட்டையின் பூர்வீகம் தென் அமெரிக்கா. மிளகாய் மெக்சிகோ பக்கத்துச் செடி, போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. பூண்டு மத்திய ஆசியாவிலிருந்து வந்தது. புளிய மரம்கூட ஆப்பிரிக்காவில் பிறந்து மிகப் பழைய காலத்திலேயே இங்கே வந்து வேரூன்றியது. உப்பு மட்டுமே உள்ளூர்ச் சரக்கு. அது மரக்காணத்திலிருந்து வருகிறது.

விழுப்புரம் மாவட்டம் 1993இல் பழைய தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. 2019இல் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக விட்டுக்கொடுத்தது. மானாவாரிச் செம்மண்ணும் ஏரிப் பாசனமும்தான் இதன் சொத்து. பின்தங்கிய மாவட்டம் என்ற பெயர் நீண்ட காலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் எனக்கு ஒப்புதல் இல்லாதது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சின் சோப்பு ஆலைகளுக்கு எண்ணெய்வித்தும், மேற்கு ஆப்பிரிக்காவின் பாலைவன மக்களுக்கு நீலத் துணியும் போன வழியில் இந்த மாவட்டம் இருந்தது. இந்தியாவின் எத்தனையோ மாநில விவசாயிகள் விதைத்த கடலை ரகம் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கியது. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் சாமான்களின் கதையை இங்கிருந்து தொடங்கினால்தான் முழுதாகச் சொல்ல முடியும்.

பொலிவியாவிலிருந்து மணிலா வழியாக

தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் நிலக்கடலை, வேர்க்கடலை. நம் பக்கத்தில் மல்லாட்டை. கமிட்டி என்கிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ரசீதிலும் செய்தித்தாளின் விலை நிலவரத்திலும் ‘மணிலா’. ஏலத்துக்கு எத்தனை மூட்டை மணிலா வந்தது என்றுதான் இன்றும் கேட்கிறார்கள். பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயர் நம் செம்மண்ணில் வந்து தங்கியதற்குக் காரணம் ஸ்பானியக் கப்பல்கள். 1565 முதல் 1815 வரை இரண்டரை நூற்றாண்டு, மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே வெள்ளியும் பட்டும் ஏற்றிய கப்பல்கள் ஓடின. அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் பல ஆசியாவுக்குள் நுழைந்த வாசல்களில் அதுவும் ஒன்று.

அதற்கும் முந்தைய வரலாறு இன்னும் வியப்பானது. பொலிவியாவின் தென்பகுதியும் அர்ஜென்டினாவின் வடபகுதியும் சேருமிடத்தில் இரண்டு காட்டுச் செடிகள் தற்செயலாகக் கலந்தன. ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தக் கலப்பிலிருந்துதான் இன்று உலகம் முழுக்க விளையும் மல்லாட்டை வந்தது. அந்த இரண்டு காட்டு மூதாதைகளின் மரபணு வரிசையை விஞ்ஞானிகள் 2016இல் முழுமையாக வெளியிட்டார்கள். பெருவின் சிபான் என்ற இடத்தில் 1987இல் மோச்சே மன்னன் ஒருவனின் கல்லறை திறக்கப்பட்டபோது, அவன் கழுத்தில் தங்கத்திலும் வெள்ளியிலும் மல்லாட்டை வடிவில் செய்த மணிமாலை கிடந்தது. அரசன் கழுத்தில் அணியத் தக்க மதிப்பு அந்தக் காய்க்கு அங்கே இருந்தது.

இந்தச் செடி நம் மண்ணில் ஏன் இவ்வளவு நன்றாக ஒட்டியது என்பதற்குப் பதில் அதன் வினோதமான பழக்கத்தில் இருக்கிறது. பூ தரைக்கு மேலே பூக்கும், காய் தரைக்குக் கீழே பிடிக்கும். மஞ்சள் பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு காம்பு நீண்டு, மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. விழுது இறங்குவது என்பார்கள். விழுதின் நுனி மண்ணுக்குள் போன பிறகுதான் காய் திரள ஆரம்பிக்கும். மண் இறுகிக் கிடந்தால் விழுது உள்ளே போகாது, போனாலும் பிடுங்கும்போது காய் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். பொலபொலவென்று உதிரும் செம்மண் கொல்லை இதற்கு வாகான இடம். இன்னொன்றும் உண்டு. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை, காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் விதைத்த நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் செடியின் தூரில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறார்கள். அதைத் தவறவிட்ட கொல்லையில் உடைத்தால் பருப்பில்லாத பொக்குக் காய்தான் மிஞ்சும். வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், அடுத்த பயிருக்கும் அந்தக் கொல்லை உரமாக நிற்கிறது.

இதை நம் விவசாயிகளுக்கு யாரும் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித் தரவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு செடியை, அது எந்த மண்ணைக் கேட்கிறது, எந்த மழையைக் கேட்கிறது என்று பார்த்துப் பார்த்து ஆடிப் பட்டத்துக்கும் மார்கழிப் பட்டத்துக்கும் பழக்கிவிட்டார்கள். செடி பிடுங்கும் நாளில் வரப்போரம் உட்கார்ந்து காய் ஆயும் பெண்களின் கைவேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயிர் எவ்வளவு உழைப்பைத் தின்கிறது என்று தெரியும்.

சோப்புக்குப் போன மல்லாட்டை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மல்லாட்டை தென்னார்க்காட்டில் ஒரு சில்லறைப் பயிர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சென்னை மாகாணத்திலேயே இந்தப் பயிருக்குத் தென்னார்க்காடுதான் முதலிடம். இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது நம் சமையல் இல்லை. பிரான்சின் தென்கரையில் இருக்கும் மார்செய் நகரத்துச் சோப்பு ஆலைகள் கொண்டுவந்தன.

மார்செய் சோப்பு ஆலிவ் எண்ணெயில் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்று பதினான்காம் லூயி காலத்தில், 1688இல், அரசாணையே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்கள் பெருத்தன, துணி ஆலைகள் பெருத்தன, சோப்பின் தேவை ஆலிவ் தோட்டங்களால் ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு வளர்ந்தது. எண்ணெய்க்காக ஆலைக்காரர்கள் உலகமெங்கும் தேடினார்கள். 1840களில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து மல்லாட்டை போக ஆரம்பித்தது. அடுத்து அவர்கள் கண் புதுச்சேரியின் மேல் விழுந்தது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். அதைச் சுற்றிலும் மேற்கிலும் இருந்த செம்மண் பூமி ஆங்கிலேயர் கையில் இருந்தாலும், அந்தப் பூமிக்கு மிக அருகில் இருந்த துறை புதுச்சேரி.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டிய கப்பல்கள் குறுக்கு வழியில் மார்செய் போய்ச் சேர்ந்தன. 1879 டிசம்பரில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அந்தப் பாதையில் பயணிக்கும் மாணவர்களுக்கும் அலுவலகம் போகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அந்தத் தண்டவாளத்தின் மேல் மல்லாட்டை மூட்டைகள் எத்தனை லட்சம் போயிருக்கும் என்று. புதுச்சேரிக் கரையில் கப்பல் ஒட்டி நிற்க முடியாது. அலையைத் தாண்டிச் சலங்குப் படகுகளில் மூட்டையை ஏற்றிப்போய், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலில் சேர்த்தார்கள்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு பாதகம் இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். செனகல் காய் ஓட்டோடு போனது. நம் காயைக் கப்பல் கூலி மிச்சமாகட்டும் என்று இங்கேயே உடைத்துப் பருப்பாக அனுப்பினார்கள். அப்போது உடைக்கும் மிஷின் கிடையாது. ஓட்டின் மேல் தண்ணீர் தெளித்து ஊறவைத்துத் தடியால் அடித்தார்கள். ஈரப்பட்ட பருப்பு பல வாரக் கப்பல் பயணத்தில் புழுங்கிப் பூஞ்சை பிடித்தது. அதிலிருந்து எடுத்த எண்ணெய் சிக்கு வாடை அடித்தது. விளைவு, செனகல் மல்லாட்டை எண்ணெய் பிரெஞ்சு வீடுகளின் சாப்பாட்டு மேசைக்குப் போனது. நம்முடையது சோப்புக் கொப்பரைக்குப் போனது, விலையும் குறைந்தே கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடைப்பு மிஷின்கள் பரவிய பிறகுதான் இந்த நிலை மாறியது. பருப்பை எவ்வளவு நன்றாகக் காயவைக்கிறோம் என்பதில்தான் மல்லாட்டையின் மரியாதையே அடங்கியிருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கும்பலாகச் செத்தபோது, காரணம் பூஞ்சை பிடித்த மல்லாட்டைப் பிண்ணாக்கு என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் உலகுக்குத் தெரிய வந்தது. வீட்டில் மல்லாட்டை வாங்குகிறவர்கள் நிறம் மாறிய, சுருங்கிய, பூத்த பருப்பைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது.

அந்தக் காலத்தில் நம் வீடுகளில் தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பயத்தம் மாவு, துணிக்கு உவர்மண். கட்டி சோப்பு நமக்குப் பழக்கமில்லை. 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. 1895இல் லைஃபாய் வந்தது. எண்ணெய்வித்தை மூட்டையாகக் கொடுத்த நாடு சோப்பைக் கட்டியாக விலைக்கு வாங்கிற்று. அந்நிய ஆட்சிப் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

செனகலுக்குப் போன நீலம்

அதே புதுச்சேரித் துறையிலிருந்து இன்னொரு சரக்கும் போனது. அவுரி நீலத்தில் தோய்த்த பருத்தித் துணி. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் ‘கினே’ என்றார்கள். செனகல் ஆற்றங்கரையில் இந்தத் துணிக்கு இருந்த மதிப்பு நம்ப முடியாதது. சகாராவின் ஓரத்தில் கருவேல் இன மரங்களிலிருந்து கோந்து எடுத்த மக்கள், காசை வாங்க மாட்டார்கள், இந்த நீலத் துணியைத்தான் வாங்குவார்கள். ஒரு பீஸ் துணிக்கு இவ்வளவு கோந்து என்று கணக்கு. துணியே அங்கே நாணயமாகப் புழங்கியது. ஐரோப்பிய ஆலைகள் அதைப்போலச் செய்து பார்த்தன. சோழமண்டலக் கரைத் துணியின் பளபளப்பையும் வாசனையையும் வைத்தே அசல் எது, போலி எது என்று அந்த மக்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 1830ஐ ஒட்டிப் புதுச்சேரியில் இயந்திர ஆலை எழுந்ததே இந்தத் துணிக்காகத்தான்.

துணி புதுச்சேரியில் தோய்ந்தாலும் நீலம் தென்னார்க்காட்டுக் கொல்லைகளில் விளைந்தது. அவுரிச் செடியைப் பூக்கும் பருவத்தில் அறுத்துக் கட்டுக்கட்டாகத் தொட்டியில் போட்டு, மேலே கட்டையை வைத்து அழுத்தி, ஓர் இரவு ஊறவைப்பார்கள். காலையில் இலை புளித்து, தண்ணீர் பச்சையும் மஞ்சளுமாக மாறியிருக்கும். அதை அடுத்த தொட்டிக்குத் திறந்துவிட்டு ஆட்கள் இறங்கி மணிக்கணக்கில் அடித்துக் கலக்க வேண்டும். காற்றுப் படப் படத் தண்ணீர் நீலமாகும், நுரை நீலமாகும், அடியில் வண்டல் தங்கும். அந்த வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, துண்டு போட்டுக் காயவைத்தால் நீலக் கட்டி. இலையில் நீலம் என்று கண்ணுக்குத் தெரியும் எதுவும் கிடையாது. ஊறலும் காற்றும் சேர்ந்தால்தான் அது பிறக்கும். இதைக் கண்டுபிடித்த ஆதி மனிதர்களின் கூர்மையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இந்தத் தொழிலை முடித்துவைத்தது ஜெர்மனியின் ஆய்வுக்கூடம். அடால்ஃப் ஃபான் பேயர் 1880இல் நீலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டினார். 1897இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே தென்னார்க்காட்டின் அவுரித் தொட்டிகள் வறண்டன. முழுதாக அழிந்துவிடவில்லை என்பதுதான் ஆறுதல். திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிரிட்டு, பழைய முறையிலேயே தொட்டியில் ஊறவைத்து நீலம் எடுக்கிறார்கள். இயற்கைச் சாயத்தைத் தேடும் வெளிநாட்டார் அதை வாங்குகிறார்கள்.

நாம் வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலம் வேறு வம்சம். ஆப்கானிஸ்தானத்து மலையில் கிடைக்கும் லாபிஸ் லாசுலி என்ற மணிக்கல்லை அரைத்து ஐரோப்பிய ஓவியர்கள் நீல வண்ணம் செய்தார்கள். தங்கத்துக்கு நிகரான விலை. அதற்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று பிரான்சில் அறிவித்தார்கள். 1828இல் கிமே என்பவர் அந்தப் பரிசை வாங்கினார். வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டால் அந்த மணிக்கல்லின் நிறம் வந்துவிட்டது. மாதாகோவில் ஓவியத்தில் மேரியின் அங்கிக்குப் பூசிய நிறம், மலிவானதும் சலவைக்கு வந்தது. இங்கிலாந்தின் ரெக்கிட் நிறுவனம் 1852இல் சலவை நீலம் விற்கத் தொடங்கியது. ராபின் ப்ளூ என்று நம் வீடுகளுக்குள் வந்தது அந்த வகைதான். நம் மாநிலத்திலேயே ராணிப்பேட்டையில் இந்த அல்ட்ராமரைன் நீலம் தயாரிக்கும் ஆலை இருக்கிறது.

பழைய வெள்ளைத் துணி மஞ்சள் பூக்கும்போது கொஞ்சம் நீலம் சேர்த்தால் அந்த மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அழுக்கை நீலம் எடுப்பதில்லை, நம் பார்வையைத்தான் திருத்துகிறது. பொங்கலுக்குச் சுவரில் அடிக்கும் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கட்டி நீலமும் பொடி நீலமும் துணியில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். 1983இல் திருச்சூரில் எம்.பி. ராமச்சந்திரன் ஐயாயிரம் ரூபாய் மூலதனத்தில் தொடங்கிய ஜோதி லேபரட்டரீஸ், தண்ணீரில் முழுதாகக் கரையும் நீலத்தை உஜாலா என்ற பெயரில் விற்றது. நாலு சொட்டு என்று குழந்தைகள் வரை தெரிந்துவைத்திருக்கும் பொருளாக அது ஆனது.

உப்பும் சவுக்கும்

உப்புக்கு வெளிநாட்டுப் பூர்வீகம் கிடையாது. சங்க காலத்து ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊரான ‘கிடங்கில்’, இன்று கிடங்கல் என்ற பெயரோடு திண்டிவனம் நகரத்தோடு சேர்ந்தே இருக்கிறது. அவன்மேல் பாடப்பட்ட சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தை ஆய்வாளர்கள் மரக்காணத்தோடு பொருத்துகிறார்கள். அந்த நெய்தல் கரையில் இன்றும் உப்பளம் நடக்கிறது. பாத்தி கட்டி, கழிமுகத்து உவர்நீரை விட்டு, வெயிலில் வற்றவைத்து, பலகையால் வாரிக் குவிக்கும் வேலையில் ஆணும் பெண்ணும் வெறுங்காலோடு நிற்கிறார்கள். மழை மாதங்களில் அந்த வேலையும் இல்லை. உப்பில் புதிதாகச் சேர்ந்தது அயோடின். கழுத்துக் கழலை நோயைத் தடுக்க, அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்ற விதி 2006 முதல் நாடு முழுக்க நடப்பில் இருக்கிறது.

பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி மரக்காணம்தான். 1877-78 பஞ்சத்தின்போது கூலிக்கு ஆள் வைத்துச் சென்னை நகருக்குள் அதன் இணைப்பை வெட்டினார்கள். ஒரு காலத்தில் உப்பும் விறகும் அந்தக் கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போயின. விறகில் சவுக்குக்கு முக்கிய இடம். கல்யாணப் பந்தலுக்கும் கட்டடச் சாரத்துக்கும் நாம் நட்டுவைக்கும் சவுக்கும் வெளியிலிருந்து வந்த மரம்தான். ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள், தென்கிழக்கு ஆசியக் கரைகள் அதன் தாயகம். 1860களில் ரயில் எஞ்சினுக்கு எரிக்க விறகு வேண்டும் என்று சோழமண்டலக் கரையின் மணலில் அதைத் தோப்புத் தோப்பாக நட்டார்கள். எஞ்சின் நிலக்கரிக்கு மாறிவிட்டது. சவுக்கு மரக்காணக் கரையை விட்டுப் போகவில்லை.

திண்டிவனம் தந்த விதை

மார்செய் வியாபாரம் உச்சத்தில் இருந்தபோதே, 1890களில், தென்னார்க்காட்டு மல்லாட்டை விழுந்தது. ஒரே விதையைத் திரும்பத் திரும்பப் போட்டதில் வீரியம் குறைந்தது, இலைப்புள்ளி நோய் கொல்லை கொல்லையாகப் பரவியது. மொரீஷியஸ் விதை என்ற பெயரில் புது ரகம் இறக்குமதியானதும் பயிர் மறுபடி எழுந்தது. விதையைத் தற்செயலுக்கு விடக்கூடாது என்ற பாடம் அரசுக்கு அப்போதுதான் உறைத்தது. 1905இல் தென்னார்க்காட்டுப் பாலூரில் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியபோது மல்லாட்டையும் அதன் பொறுப்பில் இருந்தது. 1930களில் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது.

அங்கே நடந்தது பொறுமையான வேலை. உலகின் பல மூலைகளிலிருந்து விதை வரவழைத்து, விதைத்து, நோய் தாங்கும் செடியை, காய் அதிகம் பிடிக்கும் செடியைப் பொறுக்கி எடுத்து, அதன் விதையை மறுபடி விதைத்து, மறுபடி பொறுக்கினார்கள். 1940இல் டி.எம்.வி. 1, டி.எம்.வி. 2 என்ற ரகங்கள் வெளிவந்தன. டி.எம்.வி. என்றால் திண்டிவனம். முதல் ரகம் ‘சாலும்’ என்ற மேற்கு ஆப்பிரிக்க விதையிலிருந்து பொறுக்கிய கொடி மல்லாட்டை. சாலும் என்பது செனகலில் ஓடும் ஆறு. எந்தச் செனகலுக்கு நம் அவுரி நீலத் துணி போனதோ, மார்செய் சந்தையில் எந்தச் செனகல் நமக்குப் போட்டியாக நின்றதோ, அந்தச் செனகலின் விதை திண்டிவனத்துக்கு வந்து நம் பெயரை வைத்துக்கொண்டது.

இரண்டாவது ரகம் குடியாத்தத்துக் கொத்து மல்லாட்டையிலிருந்து பொறுக்கியது. கொடியாகப் பரவாமல் நிமிர்ந்து நிற்கும், ஏறக்குறைய நூறு நாளில் வீடு வந்து சேரும், மழை ஏமாற்றினாலும் தாங்கும். ஆந்திரத்து அனந்தப்பூர் வறட்சி நிலங்களிலும் கர்நாடகத்து மானாவாரிக் காடுகளிலும் டி.எம்.வி. 2 பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. 1967இல் வந்த டி.எம்.வி. 7 ‘டென்னசி வைட்’ என்ற ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. எள்ளில் 1943இல் வந்த டி.எம்.வி. 3 தென்னார்க்காட்டு எள்ளையும் மலபார் எள்ளையும் கலந்து உருவானது. நெல்லில் ஆடுதுறைக்கும் கரும்பில் கோவைக்கும் கிடைத்த புகழ் எண்ணெய்வித்தில் திண்டிவனத்துக்குக் கிடைக்கவில்லை. தேசிய நெடுஞ்சாலையில் திண்டிவனத்தைத் தாண்டிப் போகும் லட்சக்கணக்கானவர்களுக்கு அது ஒரு பைபாஸ் மட்டுமே. இந்த ஊரின் பள்ளிப் பிள்ளைகளுக்காவது அந்தப் பண்ணையை ஒரு நாள் சுற்றிக் காட்ட வேண்டும்.

டால்டாவும் அதற்குப் பிறகும்

மார்செய் போன மல்லாட்டை பின்னாளில் நம் நாட்டுக்குள்ளேயே இன்னொரு ஆலைக்குத் திரும்பியது. திரவ எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது நெய்போல உறையும் என்று ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். நெதர்லாந்தின் டாடா (Dada) நிறுவனம் இந்தியாவுக்கு உறைந்த எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்தது. லீவர் நிறுவனம் அந்தப் பெயரின் நடுவே தன் பெயரின் ‘ல்’ எழுத்தைச் செருகி, 1937இல் டால்டாவைக் கொண்டுவந்தது. இப்படி உறையவைத்த எண்ணெய்தான் வனஸ்பதி, அன்று அதற்கு முக்கியக் கச்சாப் பொருள் மல்லாட்டை எண்ணெய். பனைமரப் படம் போட்ட மஞ்சள் டப்பா காலியானதும் குளியலறையில் சொம்பானது, அரிசி அளக்கும் படியானது, துளசி நட்ட தொட்டியானது. காந்தி வனஸ்பதியை எதிர்த்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அதைத் தடை செய்யக் கோரும் மசோதா நாடாளுமன்றம் வரை போனது, நிறைவேறவில்லை. ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று மருத்துவ உலகம் உறுதி செய்தது மிகப் பிந்தி.

டப்பாவில் இருந்த அந்தப் பனை இப்போது நம் அடுக்களையையே பிடித்துவிட்டது. எண்ணெய்ப் பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் காடழித்து நட்ட தோட்டங்களிலிருந்து அதன் எண்ணெய் கப்பல் கப்பலாக இங்கே வருகிறது. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பாமாயில் தருகிறார்கள். லிட்டர் 25 ரூபாய். ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விழுப்புரம் கமிட்டியில் மணிலா மூட்டையை அடுக்கிவிட்டு விலைக்காகக் காத்து நிற்கும் விவசாயி, வீடு திரும்பும் வழியில் ரேஷன் கடையில் வாங்குவது பாமாயில். இந்த முரண்பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மல்லாட்டைக் கொல்லைகள் சுருங்கிவருகின்றன. காய் ஆய ஆள் கிடைப்பதில்லை. காட்டுப்பன்றி ஓர் இரவில் ஒரு ஏக்கரைக் கிளறிவிட்டுப் போகிறது. கரும்பும் சவுக்கும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று விவசாயி நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அவரைத் தடுத்து நிறுத்தும் ஒரே வழி, காய்க்கு நிச்சயமான வாங்குதல்.

ரேஷனில் மல்லாட்டை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடுங்கள் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். மாநிலம் முழுக்க ஒரே நாளில் முடியாது என்றால் ஒரு மாவட்டத்தில் தொடங்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இங்கே இருக்கிறது, விதைக்குத் திண்டிவனம் இருக்கிறது, ஆட்டித் தரச் செக்குகள் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்ட ரேஷன் அட்டைதாரர்களுக்கு மாதம் ஒரு லிட்டர் மல்லாட்டை எண்ணெய், விலை வித்தியாசத்தை அரசு ஏற்கட்டும். அந்த எண்ணெய்க்கு வேண்டிய காயை இந்த மாவட்டத்துக் கமிட்டிகளிலேயே, அரசு அறிவிக்கும் ஆதரவு விலைக்குக் குறையாமல் கொள்முதல் செய்யட்டும்.